4க + 3ப ஏன் 7கப ஆகாது? (ஏழாம் வகுப்புக் கணக்கு, கொஞ்சம் அவசரம்)

மாவுக்கடை:
எல்லோருக்கும் வணக்கம். மும்பை தாராவியில் இட்லியும் மாவும் விற்றுப் பிழைக்கிறவன் நான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், ஆகவே கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மகள் ஏழாம் வகுப்பு. திங்கட்கிழமை கணக்குத் தேர்வு. இயற்கணிதக் கோவைகளைச் சுருக்கச் சொல்லி இருபது கணக்குகள் கொடுத்திருக்கிறார்கள். பதினொன்றில் சிவப்புச் சுழி.

கைப்பேசியில் எழுத்துப் பலகையை மாற்றி மாற்றித் தட்ட எனக்கு விரல் வளையவில்லை. எக்ஸ் வரும் இடத்தில் க, ஒய் வரும் இடத்தில் ப என்று போடுகிறேன். அவள் எழுதியவற்றில் இரண்டு:

4க + 3ப = 7கப
3க + 5க² = 8க³

ஒத்த உறுப்புகளை மட்டுமே சேர்க்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். இவள் சும்மா இருக்கவில்லை. க, ப இரண்டுக்கும் 1 போட்டுச் சரிபார்த்திருக்கிறாள். முதல் கணக்கில் இந்தப் பக்கம் 4 + 3 = 7, அந்தப் பக்கமும் 7. இரண்டாவதில் 3 + 5 = 8, அங்கேயும் 8. "சரியாகத்தானே வருகிறது, பிறகு எப்படித் தவறு?" என்று கேட்கிறாள். நானும் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது. என்னிடம் பதில் இல்லை.

முலுண்டுவாசி:
இதற்கு ஓர் இழையா? க என்றால் ஆப்பிள், ப என்றால் வாழைப்பழம் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான்கு ஆப்பிளையும் மூன்று வாழைப்பழத்தையும் கூட்டினால் ஏழு ஆப்பிள்வாழை வருமா? வராது. முடிந்தது கதை.

மாவுக்கடை:
டியூஷனிலும் இதையே சொன்னார்களாம். "அப்படியானால் கப என்பது என்ன சார், ஆப்பிளால் பெருக்கிய வாழைப்பழமா?" என்று கேட்டிருக்கிறாள். உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

பன்னிரண்டு பெட்டி:
உங்கள் மகளுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் அண்ணாச்சி. அந்தக் கேள்விக்கு உட்காரச் சொல்வதைத் தவிர வேறு பதில் கிடையாது.

இன்னொன்று. எழுத்தைத் தேர்ந்தெடுத்ததுதான் தேர்ந்தெடுத்தீர்கள், போயும் போயும் க-வா? பழைய தமிழ் எண்களில் க என்றால் ஒன்று. பிள்ளை 1 போட்டதில் ஆச்சரியமே இல்லை.

ஓய்ந்த சாக்பீஸ்:
மாவுக்கடைத் தம்பிக்கு, நான் இந்நகரத்தில் தமிழ் வழிப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள். ஆப்பிள் வாழைப்பழக் கதையை நானும் முதல் சில ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். பிறகு விட்டுவிட்டேன். அது அன்றைக்குப் புரிந்ததுபோல் இருக்கும், அடுத்த மாதமே பிள்ளையின் காலை வாரிவிடும். க என்பது ஒரு பொருளின் பெயர் என்று மனத்தில் பதிந்துவிட்டால் க² என்ன, கப என்ன, −3க என்ன என்று எதற்கும் அர்த்தம் சொல்ல முடியாமல் போகும். க என்பது ஓர் எண். எந்த எண் என்று இன்னும் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான் சங்கதி.

உங்கள் தொழிலிலேயே விளக்கம் இருக்கிறதே தம்பி. இட்லித் தட்டு எத்தனை அளவுகளில் வைத்திருக்கிறீர்கள்?

மாவுக்கடை:
இரண்டு அளவு டீச்சர். பெரிய தட்டில் 16 குழி, சின்னதில் 9.

ஓய்ந்த சாக்பீஸ்:
நல்லது. க என்பதைத் தட்டு என்று சொல்லாதீர்கள். பெரிய தட்டில் உள்ள குழிகளின் எண்ணிக்கை க. சின்னத் தட்டில் உள்ள குழிகளின் எண்ணிக்கை ப. நான்கு பெரிய தட்டும் மூன்று சின்னத் தட்டும் வேகவைத்தால் எத்தனை இட்லி? 4க + 3ப. மகளையே எண்ணச் சொல்லுங்கள். பிறகு அவள் எழுதிய 7கப-வையும் அதே எண்களை வைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விடையை நான் சொல்லப் போவதில்லை.

மாவுக்கடை:
இன்று அதிகாலை நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். மூன்றரை மணிக்கு அடுப்பு மூட்டுவோம். வழக்கமாக அவள் அந்த நேரத்தில் எழுந்திருக்க மாட்டாள். இன்று தானாகவே எழுந்து, ஈரத்துணியோடு தட்டுகளைத் துடைத்துக்கொண்டே எண்ணினாள். பெரியது நான்கு, 64. சின்னது மூன்று, 27. மொத்தம் 91 இட்லி. பாத்திரத்தில் கொட்டி எண்ணியும் பார்த்தாள், 91. பிறகு பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் 7 × 16 × 9 போட்டாள். 1008!

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அப்பா, நான்கு தட்டும் மூன்று தட்டும் வைத்து 1008 இட்லி எடுத்தால் நாம் செம்பூரில் வீடு வாங்கிவிடலாம்" என்கிறாள்.

ஆனாலும் ஒரு பிடிவாதம். "7 சரிதானே, ஏழு தட்டுதானே இருக்கிறது" என்று நிற்கிறாள்.

ஓய்ந்த சாக்பீஸ்:
நிற்கட்டும், அந்தப் பிடிவாதத்தில் நியாயம் இருக்கிறது. தட்டுகள் ஏழுதான். கேட்டது தட்டுக் கணக்கா இட்லிக் கணக்கா என்பதே பிரச்சினை. நான்கையும் மூன்றையும் கூட்டி ஏழு என்று சொன்ன கணத்தில், எந்தத் தட்டில் எத்தனை குழி என்ற செய்தி தொலைந்துபோகிறது. இரண்டும் பெரிய தட்டாக இருந்தால் தொலையாது: 4க + 3க என்றால் எல்லாவற்றிலும் க குழிகள், ஆகவே (4 + 3) × க, அதாவது 7க. பங்கீட்டுப் பண்பு என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். ஒத்த உறுப்புகள் என்ற பாடமே அந்தப் பண்பின் ஒரு கிளை. பொதுவான எழுத்துகளை வெளியே எடுத்த பிறகு உள்ளே வெறும் எண்கள் மட்டும் மிஞ்சினால் அவை ஒத்தவை. உள்ளே எழுத்தும் மிஞ்சினால் மாறுபட்டவை. 3க + 5க²-இலும் க-வை வெளியே எடுக்கலாம், ஆனால் உள்ளே 3 + 5க என்று எழுத்து ஒட்டிக்கொண்டு நிற்கும்.

பன்னிரண்டு பெட்டி:
எனக்கு இது தாதர் நடைமேடையில் தினமும் புரிகிற விஷயம். பன்னிரண்டு பெட்டி வண்டி மூன்று, பதினைந்து பெட்டி வண்டி இரண்டு போயின என்றால் 36 + 30 = 66 பெட்டிகள். "ஐந்து வண்டி, ஒவ்வொன்றும் இருபத்தேழு பெட்டி" என்று எவனாவது அறிவித்தால் 135 ஆகிவிடும். அப்படி ஒரு வண்டி வந்தால் பின்பெட்டி பரேலில் நிற்கும்.

அணுசக்திநகர்:
நான் பொறியியல்காரன், வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். க ஒரு நீளம் என்றால் க² பரப்பளவு. மீட்டரையும் சதுர மீட்டரையும் கூட்டுவது அர்த்தமற்றது. ஆகவே 3க + 5க² என்பதைக் கூட்டவே முடியாது. பிள்ளைக்கு இப்படிச் சொல்லிவிட்டால் ஒரேயடியாகத் தெளிந்துவிடும்.

ஓய்ந்த சாக்பீஸ்:
ஐயா, இங்கே நான் உங்களோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கிறது. "கூட்ட முடியாது" என்று சொல்லியே எத்தனை வகுப்புகளைக் குழப்பியிருக்கிறோம்! க என்பது 10 என்ற வெறும் எண்ணாக இருந்தால் 3க + 5க² என்பது 30 + 500, மொத்தம் 530. அழகாகக் கூட்டலாம். கூட்டியே வைத்திருக்கிறோம், நடுவில் நிற்கும் கூட்டல் குறிக்கு வேறென்ன பொருள்? முடியாதது ஒன்றே ஒன்று. க என்னவென்று தெரியாத நிலையில் இந்த இரண்டையும் ஒற்றை உறுப்பாகச் சுருக்கி எழுத முடியாது.

நடைமுறையில் இது பெரிய வேறுபாடு. பிள்ளைகளுக்கு விடை என்றால் கடைசியில் ஒற்றையாக ஏதோ ஒன்று வந்து உட்கார வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். 4க + 3ப என்று கூட்டல் குறியோடு முடிவது அவர்களுக்குச் சட்டைப் பொத்தானைப் போடாமல் வெளியே போவதுபோல் இருக்கிறது. அதனால்தான் எதையாவது செய்து 7கப என்று மூடிவிடுகிறார்கள். அறியாமை என்று நான் நினைக்கவில்லை, ஒழுங்கு பிடித்த பிள்ளைகளே அதிகம் செய்கிறார்கள்.

அணுசக்திநகர்:
ஒப்புக்கொள்கிறேன் அம்மா. அளவைகளோடு வாழ்ந்து பழகிவிட்டது. எண்ணை எண்ணாகப் பார்க்க மறந்துவிடுகிறது. பொத்தான் உவமையை என் மகனிடம் சொல்லப் போகிறேன்.

முலுண்டுவாசி:
என் ஆப்பிளை எல்லோரும் சேர்ந்து அழுகவைத்துவிட்டீர்கள். போகட்டும். ஆனால் அண்ணாச்சியின் முதல் கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லையே. 1 போட்டபோது ஏன் சரியாக வந்தது?

இரண்டாமாண்டு:
கல்லூரியில் கணிதம் படிக்கிறேன். இரண்டு இரவுகளாக வெறுமனே படித்துக்கொண்டிருந்தேன், இப்போது வாய் திறக்கிறேன்.

1-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் அதே 1. ஆகவே க, க², க³, கப எல்லாம் 1 போட்டால் ஒரே மாதிரி ஆகிவிடும், வேறுபாடே தெரியாது. மகள் சரிபார்த்தது மிக நல்ல பழக்கம். எடுத்த எண்தான் வேறுபாட்டை மறைக்கிற எண். 0 போட்டாலும் இதே கதி, இரண்டு பக்கமும் 0.

இன்னும் வேடிக்கை இருக்கிறது. 3க + 5க² = 8க³ என்பதை ஒரு சமன்பாடாக எடுத்து எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்தால் க(க − 1)(8க + 3) = 0 என்று காரணிப்படும். ஆக, க-வுக்கு 0, 1, −3/8 ஆகிய மூன்று மதிப்புகளில் இது உண்மை! −3/8 போட்டுப் பார்த்தேன், இரண்டு பக்கமும் −27/64. மற்ற எல்லா எண்களுக்கும் பொய். 2 போட்டால் இடப்பக்கம் 26, வலப்பக்கம் 64.

4க + 3ப = 7கப இன்னும் மோசம். அதை நிறைவு செய்யும் இணைகள் எண்ணற்றவை. க = 2, ப = 8/11 என்றால் இரண்டு பக்கமும் 112/11. ஆனால் மாவுக்கடை ஐயாவின் 16, 9 என்ற இணைக்குச் சரிவராது. கோவையைச் சுருக்குவது என்றால் எந்த எண்ணைப் போட்டாலும் சமமாக இருக்க வேண்டும். எங்கோ சில இடங்களில் பொருந்துவது போதாது.

மாவுக்கடை:
தம்பி, −3/8 எனக்குத் தலைக்கு மேலே போய்விட்டது. மகளுக்குப் போகவில்லை. நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டு "அட!" என்றாள். இனி எந்த எண் போட்டுச் சரிபார்க்கலாம் என்று கேட்கச் சொல்கிறாள்.

இரண்டாமாண்டு:
0, 1 இரண்டையும் ஒதுக்கிவிடலாம். 2-உம் ஒரு சிறு குறும்பு செய்யும்: 2-இன் வர்க்கமும் 4, 2-இன் இரு மடங்கும் 4, ஆகவே க²-வும் 2க-வும் ஒன்றுபோல் தோன்றும். 3, 5, 7 போலப் போடட்டும். இரண்டு எழுத்துகள் இருந்தால் இரண்டுக்கும் வெவ்வேறு எண். அப்போதும் பொருந்தாவிட்டால் தவறு என்பது உறுதி. பொருந்திவிட்டால் சரி என்று உறுதி இல்லை, சரியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

யாவத்தாவத்:
வரலாற்றுப் பைத்தியம் ஒருவன் குறுக்கிடலாமா? அண்ணாச்சி க, ப என்று எழுதியதை இங்கே கேலி செய்தார்கள். நம் நாட்டின் பழைய கணிதர்கள் அப்படித்தான் எழுதினார்கள். தெரியாத முதல் எண்ணுக்குப் பெயர் யாவத்தாவத், "எவ்வளவோ அவ்வளவு" என்று பொருள். அதைச் சுருக்கி யா. அடுத்தடுத்து வருபவற்றுக்கு நிறங்களின் பெயர்கள்: கருப்புக்குக் காலகம், அதன் சுருக்கம் கா, நீலத்துக்கு நீலகம், நீ. வெறும் எண்ணுக்கு ரூ. வர்க்கத்துக்கு வ, ஆகவே க² என்பது அவர்களுக்கு யாவ.

பாஸ்கரர் 1150-ஐ ஒட்டி எழுதிய பீஜகணிதத்தில் இந்த இழையின் பாடமே ஒரு விதியாக இருக்கிறது. ஒரே சாதியைச் சேர்ந்தவற்றைக் கூட்டவும் கழிக்கவும் செய்யலாம். வேறு சாதியாக இருந்தால் தனித்தனியே நிறுத்து என்கிறார். கவனியுங்கள், "தனித்தனியே நிறுத்து". டீச்சரம்மா சொன்ன பொத்தான் போடாத விடை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே முறையான விடைதான்.

பாக்தாதில் 820 வாக்கில் அல்குவாரிசுமி எழுதிய நூலின் பெயரில் இரண்டு செயல்கள் இருக்கின்றன. முதலாவது அல்ஜபர், அதிலிருந்துதான் அல்ஜீப்ரா என்ற பெயரே வந்தது. இரண்டாவது அல்முகாபலா: சமன்பாட்டின் இரு பக்கமும் நிற்கும் ஒத்த உறுப்புகளை எதிரெதிரே நிறுத்திக் கழித்துவிடுவது. பாதிப் பெயர் நம் பாடத்துக்குச் சொந்தம்.

ஓய்ந்த சாக்பீஸ்:
சாதி என்றதும் நினைவு வந்தது. இங்கே மராத்தி வழிப் பாடத்தில் இன்றும் ஒத்த உறுப்புகளுக்கு சஜாதீய பதம், மாறுபட்டவற்றுக்கு விஜாதீய பதம் என்றுதான் பெயர். பக்கத்து வகுப்பறையிலிருந்து அந்தச் சொற்கள் காதில் விழும்போதெல்லாம் எனக்குச் சற்று உறுத்தும். நம் "ஒத்த" என்ற சொல் மென்மையானது, ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒத்த என்றால் பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். 4கப-வும் 9பக-வும் பார்வைக்கு வேறு, உண்மையில் ஒத்தவை. க²ப-வும் கப²-வும் இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கும், ஆனால் மாறுபட்டவை. க/3-உம் 5க-வும் ஒத்தவை. 3/க-வை அந்தக் கூட்டத்தில் சேர்க்கக் கூடாது. கெழுவைப் பற்றி, அதாவது எழுத்துக்கு முன்னால் பெருக்கி நிற்கும் எண்ணைப் பற்றிக் கவலையே வேண்டாம், அது எதுவாகவும் இருக்கலாம். கெழுதகைமையில் வருகிற அதே பழைய கெழுதான் அது. கூட ஒட்டி இருக்கும், இனத்தைத் தீர்மானிக்காது.

தம்பி, வீட்டில் பழைய நாட்காட்டி அட்டை இருக்கிறதா? அதில் மூன்று வகைத் துண்டுகள் வெட்டுங்கள். ஒரு சென்டிமீட்டர் சதுரம் சில. ஒரு சென்டிமீட்டர் அகலமும் ஏதோ ஒரு நீளமும் உள்ள பட்டைகள் சில. அந்த நீளத்தை அளவுகோலால் அளக்கக் கூடாது, அதுதான் க. பிறகு அதே நீளத்தைப் பக்கமாக உடைய பெரிய சதுரங்கள். அவை முறையே 1, க, க².

மாவுக்கடை:
வெட்டினோம் டீச்சர். நீளத்துக்குத் தீப்பெட்டியை வைத்துக் கோடு போட்டோம். இரண்டு குவியல்: ஒன்றில் 2க² + 3க + 4, இன்னொன்றில் க² + 5க + 2. ஒன்றாகக் கொட்டிப் பிரிக்கச் சொன்னேன். சதுரம் மூன்று, பட்டை எட்டு, சில்லு ஆறு என்று அடுக்கிவிட்டு 3க² + 8க + 6 என்று அவளே எழுதினாள். பட்டையையும் சதுரத்தையும் ஏன் சேர்க்கவில்லை என்று வேண்டுமென்றே கேட்டேன். "எத்தனை பட்டை சேர்ந்தால் ஒரு சதுரம் ஆகும் என்று க தெரிந்தால்தானே சொல்ல முடியும்?" என்றாள். எனக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது.

க-வுக்கு ப அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, படுக்கவைத்தால் கப, நிமிர்த்தினால் பக, இரண்டும் ஒரே அட்டை என்றும் காட்டினாள். க²ப, கப² மட்டும் அட்டையில் வரவில்லை.

ஓய்ந்த சாக்பீஸ்:
வராது, அதற்கு உயரமும் வேண்டும். இரண்டு தகர டப்பாக்களை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒன்றின் அடி க-வுக்கு க, உயரம் ப. மற்றொன்றின் அடி ப-வுக்கு ப, உயரம் க. 2, 3 என்று போட்டால் ஒன்றில் 12, மற்றதில் 18 கொள்ளும்.

மாவுக்கடை:
டப்பா கேட்டவுடனே பிடித்துக்கொண்டாள். உளுந்து டப்பா, வெந்தய டப்பா என்று பெயரும் வைத்தாயிற்று.

சின்னவன் இரண்டு பட்டைகளைப் புத்தகத்தில் அடையாளம் வைக்க எடுத்துக்கொண்டு போய்விட்டான். "3க² + 6க + 6 ஆக்கிவிட்டான்" என்று வீடே அதிரச் சண்டை. அடுத்த அறையிலிருந்து மாவு அரைக்கும் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

முலுண்டுவாசி:
இந்த ஆப்பிள்காரன் தோற்றுப்போனதை எழுத்தில் தருகிறேன். என் மகன் ஒன்பதாம் வகுப்பு. √12 + √27 என்றொரு கணக்கு. இரண்டும் மாறுபட்டவை, சேராது என்று விட்டுவிட்டான். விடைத்தாளில் 5√3 என்று இருக்கிறது. இது எப்படி?

இரண்டாமாண்டு:
மாறுவேடம். √12 என்பது 2√3, √27 என்பது 3√3. வேடத்தைக் கலைத்துவிட்டுத்தான் ஒத்தவையா என்று பார்க்க வேண்டும். √2 + √3 அப்படி இல்லை, அதை √5 என்று எழுதினால் 7கப எழுதிய அதே தவறு.

மாவுக்கடை:
தேர்வு முடிந்து இன்று தாள் கொடுத்தார்கள். இந்தப் பாடத்திலிருந்து பத்துக் கணக்கு, ஒன்பது சரி. கூட்டல் குறியோடு முடிந்த விடைகளை அப்படியே விட்டிருக்கிறாள். ஓரத்தில் 3, 5 போட்டுச் சரிபார்த்த கோடுகளும் இருக்கின்றன. எல்லோருக்கும் என் நன்றி. செம்பூர், மாட்டுங்கா பக்கம் இருப்பவர்கள் சொன்னால் மாவு கொண்டுவந்து தருகிறேன், பணம் வேண்டாம்.

தவறிய ஒன்று இது: 5க − க = 5. "ஐந்து க இருந்தது, க-வை எடுத்துவிட்டேன், ஐந்துதானே மீதி?" என்கிறாள்.

ஓய்ந்த சாக்பீஸ்:
ஐந்து தட்டை அடுக்கி ஒன்றை எடுத்துவிடச் சொல்லுங்கள் தம்பி. தனியாக நிற்கும் க-வுக்கு முன்னால் 1 என்ற கெழு எழுதாமலே நிற்கிறது.

பன்னிரண்டு பெட்டி:
க என்றால் ஒன்று என்று முதல் நாளே சொன்னேன், யார் கேட்டீர்கள்?